கூட்டாளியின் சிவிக்கில் இருக்கும் கிளிக் எண் உங்கள் கே.ஈ. 70க்கு ஏன் பொருந்தாது

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கே.ஈ. 70 கொரோலாவுக்கு 4ஏ-ஜிஈ எஞ்சின் இறக்கியிருக்கிறார், நாலு பக்கமும் 32 கிளிக் ஷொக் (திருகை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி 32 படிகளில் இறுக்கவோ தளர்த்தவோ கூடிய ஷொக் அப்சோபர்) புதிதாக வாங்கிப் பூட்டியிருக்கிறார். கூட்டாளியின் ஈ.கே. சிவிக் நன்றாகப் போகிறதாம், அதில் முன் ஷொக் முழு இறுக்கமாம், அதைப் பார்த்துத் தன்னுடைய காரிலும் முன்பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டார். இப்போது புறப்படும்போது பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, இரண்டாம் கியருக்கு மாற்றும்போது மூக்கு குத்தி எழும்பி ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. முன் ஷொக்கை எத்தனை கிளிக்கில் வைப்பது என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நீங்கள் கேட்டது கிளிக் எண்ணைத்தான், ஆனால் உங்களுக்கு வேண்டியது வேறு. பின் டயர் ஏன் ரோட்டைப் பிடிக்கவில்லை, அதில் முன் ஷொக்கின் பங்கு எவ்வளவு, அந்தப் பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது, இந்த மூன்றும்தான் கேள்வி. எண்ணை மட்டும் நான் சொன்னால் அது கூட்டாளி சொன்ன எண்ணைப் போலத்தான் முடியும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

நான் மட்டக்களப்பில் கராஜ் வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஏழு வருடம் கட்டாரில் டிராக் வாகனங்கள், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் பாய்ந்து ஓடும் போட்டிக்கான வாகனங்கள், மட்டும் செய்யும் ஒரு பட்டறையில் சஸ்பென்ஷன் பக்கம் வேலை செய்தேன். பொறியியல் பட்டம் இல்லை. கணக்குகளை அங்கே இருந்த ஒரு பொறியியலாளர் சொல்லித்தந்தார், மிச்சத்தைக் கை படித்தது. உங்கள் காரை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உறுதியாகச் சொல்வது எந்தக் காருக்கும் பொருந்தும், ‘பொதுவாக’ என்று நான் சொல்லும் இடங்களை உங்கள் காரில் நீங்களே சரிபார்க்க வேண்டும்.

முதலில் சிவிக் கதையை முடித்துவிடுவோம். ஈ.கே. சிவிக்கை இழுப்பது முன் சக்கரம், உங்கள் காரைத் தள்ளுவது பின் சக்கரம். கார் பாய்ந்து புறப்படும்போது எடை பின்னால் போகும், இது எல்லாக் காருக்கும் ஒன்றுதான். உங்களுக்கு அது வரவு, அவருக்கு அது நட்டம். அதனால் முன் சக்கரத்தில் ஓடுகிறவர்கள் பின்பக்கம் குந்தாமல் இருக்கப் பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவார்கள், பின் ஷொக்கின் அமுங்கும் பக்கத்தை இறுக்குவார்கள், முன் மூக்கு எழும்பாமல் இருக்க முன் ஷொக்கின் நீளும் பக்கத்தை இறுக்குவார்கள். சிலர் பின்னால் நீளக் கம்பியில் சின்னச் சக்கரம் பூட்டியும் விடுவார்கள், வால் குந்தினால் அது ரோட்டில் ஊன்றிக்கொள்ளும். உங்கள் கூட்டாளி தன் காருக்குச் சரியானதைத்தான் செய்திருக்கிறார். நீங்கள் அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் தலைகீழாக எடுத்திருக்க வேண்டும். இன்று மாலையே ஒன்றுமட்டும் செய்வதென்றால் முன் ஷொக்கை முழு இறுக்கத்திலிருந்து விடுவியுங்கள், பாதி வியாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இனி உறுதியான பகுதி. எவ்வளவு எடை பின்னால் போகும் என்பதை ஷொக் தீர்மானிப்பதில்லை. நாலு விஷயம்தான் தீர்மானிக்கும்: காரின் எடை, அதன் பாய்ச்சல் (வேகம் எவ்வளவு சட்டென்று கூடுகிறது என்பது), எடையின் மையம் ரோட்டிலிருந்து எவ்வளவு உயரம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே எவ்வளவு தூரம். எடையைப் பாய்ச்சலாலும் உயரத்தாலும் பெருக்கி அச்சுத் தூரத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். கே.ஈ. 70க்கு அச்சுத் தூரம் 2.4 மீட்டர். ஓட்டுபவரோடு சேர்த்து 950 கிலோ என்றும், மையம் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், புவியீர்ப்பில் 0.6 பங்கு பாய்ச்சல் என்றும் வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 119 கிலோ முன்னிருந்து பின்னுக்குப் போகும். உங்கள் காரின் உண்மையான எண்கள் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம், ஆனால் அளவு விளங்கும்.

இப்போது மூக்கு 5 சென்டிமீட்டர் எழும்புகிறது என்று வையுங்கள். பின்பக்கம் அப்படியே நின்றால் எடையின் மையம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான் உயரும். அதே கணக்கைத் திரும்பப் போட்டால் 119 என்பது 125 ஆகிறது. ஆறு கிலோ! மூக்கு வானத்தைப் பார்த்தால் பின்னால் பெரிய எடை விழுந்துவிட்டது என்று நம் பொடியன்கள் நினைப்பது இந்தக் கணக்கில் நிற்காது. அச்சுத் தூரத்தின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் டாப் ஃபியூவல் டிராக்ஸ்டரைப் பாருங்கள். அதற்கு அச்சுத் தூரம் 300 அங்குலம், அதாவது ஏழரை மீட்டருக்கும் மேல், வழக்கமான சஸ்பென்ஷன் என்று ஒன்றும் கிடையாது, சட்டகமே வில் மாதிரி வளைந்து அந்த வேலையைச் செய்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்து உங்கள் காருக்கு எதையும் எடுக்காதீர்கள்.

அப்படியானால் ஷொக் எதற்கு? நேரத்துக்கு. அந்த 119 கிலோ டயரில் எப்படி வந்து உட்காருகிறது, எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது, திரும்பி எப்படி வருகிறது, இதைத்தான் ஷொக் ஆளும். அளவை மாற்ற ஷொக்கைத் திருகுகிறவர் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பார். நேரத்தை மாற்றத் திருகுகிறவருக்கு நாலைந்து ஓட்டத்தில் வழி தெரிந்துவிடும்.

ஷொக்குக்கு இரண்டு வேலை. நீளும்போது ஒரு தடை, அமுங்கும்போது ஒரு தடை. கடையில் 90/10 என்று ஒரு டிராக் ஷொக் சொல்வார்களே, அதன் பொருள் மொத்தத் தடையில் 90 பங்கு அமுங்கும் பக்கம், 10 பங்கு நீளும் பக்கம் என்பது. அதாவது மூக்கு சுலபமாக எழும்பும், மெதுவாகத்தான் இறங்கும். பின் சக்கரத்தில் ஓடும், வலு குறைந்த, வெறும் டிராக் காருக்கு அது பழைய, நல்ல மருந்து. 70/30 அதைவிட மிதமானது, 50/50 இரண்டு பக்கமும் சமம். உங்களுடையது போன்ற திருகு ஒன்று மட்டும் இருக்கும் ஷொக்குகளில் அந்தத் திருகு பொதுவாக நீளும் பக்கத்தைத்தான் அதிகம் மாற்றும், சிலவற்றில் இரண்டையும் சேர்த்தே மாற்றும். உங்களுடையது எந்த வகை என்பதைப் பூட்டுவதற்கு முன் கையால் பார்த்திருக்கலாம். இப்போதும் ஒன்றைக் கழற்றி, ஸ்பிரிங் இல்லாமல், முழு இறுக்கத்தில் ஒரு தடவையும் முழுத் தளர்வில் ஒரு தடவையும் இழுத்தும் அமுக்கியும் பாருங்கள். கைக்கு வித்தியாசம் விளங்கும். அரை மணி நேர வேலை, ஆனால் பின்னால் வரும் எல்லாம் இதில்தான் நிற்கிறது.

நீளும் பக்கத்தைத் தளர்த்தினால் மூக்கு சீக்கிரம் எழும்பும். நல்லதுதானே என்று முழுக்கத் தளர்த்திவிடக் கூடாது, அங்கே ஒரு குழி இருக்கிறது, அதில் நான் விழுந்திருக்கிறேன். கட்டாரில் ஒரு பிக்கப், எண்ணூறு சொச்சம் குதிரைவலு. நான் முன் ஷொக்கை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு கிளிக் தளர்த்திக்கொண்டே போனேன், முதல் 60 அடி நேரம் ஒவ்வொரு தடவையும் குறைந்தது, எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. மறுகா உரிமையாளர் நல்ல பின் டயர் ஒரு சோடி கொண்டுவந்து போட்டார். அடுத்த ஓட்டத்தில் மூக்கு சீறி எழும்பி ஷொக் முழுதாக நீண்டு ‘டக்’ என்று முட்டியது, அந்த நொடியிலேயே பின் டயர் பிடி விட்டு வாகனம் குறுக்காகப் போனது. ஓட்டுநர் கெட்டிக்காரர், கால் எடுத்துவிட்டார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடந்தது என்னவென்றால், மேலே போய்க்கொண்டிருந்த உடல் ஷொக்கின் முட்டுக்கு வந்ததும் முன் சக்கரங்களையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும், அந்த இழுப்பு மொத்தக் காரையும் ஒரு கணம் இலேசாக்கும், அந்தக் கணத்தில் பின் டயரில் இருந்த பாரமும் குறைந்துவிடும். எழும்புவது எவ்வளவு முக்கியமோ, எழும்பி எப்படி நிற்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். மூக்கு முட்டாமல், முட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே வேகம் இழந்து நிற்கும் அளவுக்குத்தான் தளர்வு வேண்டும். வலு கூடக் கூட அந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும், கடைசியில் மூக்கு எழும்பும் தூரத்தையே பட்டியோ சங்கிலியோ போட்டுக் கட்டுவார்கள். உங்கள் 4ஏ-ஜிஈக்கு அந்தக் கட்டு தேவைப்படாது. உங்களுக்கு வேண்டியது மூக்குக்குச் சுதந்திரம்.

இங்கே கருத்து வேறுபாடு உள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்டப் பாதையில் ஓட்டுகிறவர்களைக் கேட்டால், ஷொக்கை இறுக்கினால்தான் எடை மாற்றம் டயருக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் பிழை இல்லை. இறுகிய முன் ஷொக் உடலோடு சேர்த்துச் சக்கரத்தையும் மேலே இழுக்கும், முன் டயர் உடனே இலேசாகும். டிராக் ஆட்கள் தளர்த்தச் சொல்வது, உடல் எழும்பிக்கொண்டிருக்கும் அந்த அரை நொடி, முக்கால் நொடி முழுவதும் பின் டயர் அடித்தளத்தில் அழுந்தி இருப்பதைக் கண்ணால் பார்த்ததால். எது மேலோங்கும் என்பது பின் சஸ்பென்ஷனின் கம்பிகள் நிற்கும் கோணம், டயரின் மென்மை, கிளட்ச் எவ்வளவு முரட்டுத்தனமாகப் பிடிக்கிறது எல்லாவற்றையும் பொறுத்தது. இணையத்தில் இதற்குச் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேறு காரைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். என் அனுபவத்தில் சாதாரண டயரில் ஓடும், வலு குறைந்த, பின் சக்கரக் காருக்குத் தளர்வான முன்பக்கம்தான் வென்றிருக்கிறது. ஆனாலும் உங்கள் காரில் ஓட்டி, படம் எடுத்து, நேரம் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருகைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, எங்கள் பக்கத்துக் கார்களில் இது இல்லாமல் முடியாது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரம் நிற்கும் கார் எல்லாம் உப்புக் காற்றில் நிற்கிறது. கே.ஈ. 70 நாற்பது வருடக் கார். ஸ்ட்ரட்டின் (முன் ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து நிற்கும் தூண்) மேல் பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும், பழைய ஷொக்கின் தண்டில் துருப்புள்ளி விழுந்து சீல் போயிருக்கும், கீழ்க் கையின் (சக்கரத்தைக் கீழே உடலோடு இணைக்கும் கை) ரப்பர் புஷ் கல்லாகியிருக்கும். இந்த உரசல் எல்லாம் ஷொக்கின் தடையோடு சேர்ந்துகொள்ளும், எந்தக் கிளிக்காலும் அதைக் கழிக்க முடியாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள், முழுத் தூரமும் வெண்ணெய் மாதிரி வர வேண்டும். ஒரு இடத்தில் சிக்கினாலும் அதைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள்.

புஷ் புதிதாகப் போட்டவர்களும் ஒரு பிழை விடுகிறார்கள். காரை ஜக்கில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே கீழ்க் கையின் போல்ட்டை முறுக்கி இறுக்கிவிடுவார்கள். அந்த ரப்பர் தொங்கும் நிலையைத் தன் வீடாக எடுத்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொண்டு, ஸ்பிரிங்கோடு ஸ்பிரிங்காக நின்று வேலை செய்யும், சீக்கிரம் கிழிந்தும் போகும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, காரைச் சக்கரத்தில் நிறுத்தி, அப்புறம் இறுக்குங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வெட்டியிருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. சுருள் ஒன்றை வெட்டினால் கார் பதிவது மட்டும் இல்லை, மிஞ்சிய ஸ்பிரிங் கடினமாகிவிடும், எழும்பும்போது உடலைத் தள்ளிவிட அதில் சேமிப்பு இருக்காது, மூக்கு கொஞ்சம் எழும்பியதும் ஸ்பிரிங் இருக்கையில் கலகலத்து நிற்கும். பின் சக்கர டிராக் காருக்கு முன்னால் வேண்டியது எதிர்மாறு: நீளமான, மென்மையான ஸ்பிரிங், நன்றாக அமுக்கிப் பூட்டியது. சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியையும் டிராக் ஆட்கள் முன்னால் கழற்றுவார்கள், மூக்கு இன்னும் சுதந்திரமாகும். ஆனால் சில கார்களில் அதே கம்பிதான் கீழ்க் கை முன்னும் பின்னும் போகாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே படுத்துப் பார்த்து, கையைப் பிடிக்க வேறு கம்பி இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் ஸ்பேனரை எடுங்கள். மற்றபடி அதே காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவர் என்றால் அதைக் கழற்றவே வேண்டாம், வளைவில் கார் சாய்ந்து போகும்.

புது ஷொக் கடையில் படுக்கையாகக் கிடந்திருக்கும், இரட்டைக் குழாய் வகை என்றால் உள்ளே காற்று எண்ணெய்க்குள் புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தடவை முழுதாக இழுத்து அமுக்கிய பிறகுதான் பூட்ட வேண்டும். கார்ட்ரிட்ஜ் (ஸ்ட்ரட் குழாய்க்குள் இறக்கும் தனி ஷொக்) போடுகிறவர்கள் அந்தக் குழாய்க்குள் சுற்றிவரக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சூடு வெளியே போகும், எங்கள் வெயிலுக்கு அது பெரிய உதவி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் ஓட்டத்துக்கும் இரவு ஓட்டத்துக்கும் ஷொக் ஒரே மாதிரி இருக்காது, எண்ணெய் சூடானால் மெலியும், தடை குறையும். காலையில் கண்ட எண் பின்னேரம் ஒன்றிரண்டு கிளிக் இறுக்கம் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

இனித் திருகு. எண்ணிக்கையை எப்போதும் முழு இறுக்கத்திலிருந்து தொடங்குங்கள். இறுக்கம் நின்ற இடம் உறுதியாகத் தெரியும், தளர்ந்த பக்கத்தின் முடிவு அவ்வளவு தெளிவாக இருக்காது. மென்மையாகத் திருப்புங்கள், முடிந்த இடத்தில் பலம் போட்டால் உள்ளே இருக்கும் ஊசி பழுதாகிவிடும். முன் இரண்டையும் முழுதாக இறுக்கி, 16 கிளிக் திரும்பி வந்து, அதை உங்கள் தொடக்கம் என்று கொப்பியில் எழுதுங்கள். பின்பக்கத்தைத் தொடாதீர்கள், அது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். அடுத்து முன் சக்கர வளைவுக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, சென்டிமீட்டர் கோடுகள் போடுங்கள். கார் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து வளைவு வரை எவ்வளவு, ஜக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது எவ்வளவு என்று அளந்தால், மூக்கு எழும்ப எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று கையில் வந்துவிடும். பிறகு ஒருவர் பக்கத்தில் நின்று போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவான வீடியோ எடுக்கட்டும். அதில் பார்க்க வேண்டியது மூன்று: மூக்கு எழும்பி முடிக்க எவ்வளவு நேரம், முட்டிற்றா முட்டவில்லையா, பின் டயர் பிடி விட்டது அதற்கு முன்னா பின்னா.

டயர் விட்டது மூக்கு அசையத் தொடங்கும் முன்னாலே என்றால் குற்றம் முன் ஷொக்கில் இல்லை. டயர், காற்று, கிளட்ச், புறப்படும் ஆர்.பி.எம். இவற்றைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பொடியன்கள் ஷொக்குக்கு இலட்சக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பின் டயரில் ஐந்து வருடப் பழைய ரப்பரை வைத்திருப்பார்கள். மூக்கு எழும்பிக்கொண்டிருக்கும்போது டயர் விட்டது, அதுவும் மூக்கு மெதுவாக ஏறுகிறது என்றால் முன்பக்கத்தை இன்னும் நாலு கிளிக் தளர்த்துங்கள். மூக்கு முட்டிய அதே கணத்தில் விட்டது என்றால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், அதுவும் ஒரே மாற்றத்தில் இரண்டு ஓட்டம். டயர் காற்றையும் ஷொக்கையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நேரத்தை முதல் 60 அடியில் பாருங்கள், 18.3 மீட்டர். அங்கே பத்தில் ஒரு நொடி பிடித்தால் கால் மைல் முடிவில், அதாவது 402 மீட்டரில், ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கிடைக்கும் என்பது டிராக் ஆட்களின் பொதுக் கணக்கு. விதி என்று எடுக்க வேண்டாம், காருக்குக் கார் மாறும். போனின் சாதாரண ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தடவைதான் இடம் பார்க்கும், 60 அடிக்கு அது உதவாது. நொடிக்குப் பத்துத் தடவை பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் கூட்டாளிகள் சேர்ந்து வாங்கினால் எல்லோருக்கும் பயன்.

இரண்டாம் கியர் பிரச்சினைக்கு வருவோம். கியர் மாற்றக் கிளட்சை மிதித்ததும் தள்ளுவது நிற்கிறது, மூக்கு இறங்குகிறது. திரும்பக் கிளட்சை விட்டதும் எழும்ப வேண்டும். உங்கள் ஷொக் முழு இறுக்கத்தில் இருப்பதால் முதல் கியரில் மூக்கு பாதிதான் எழும்பியிருக்கும், அதன் பிறகு நடப்பது எல்லாம் உதறல். அமுங்கும் பக்கம் அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தால் முன் டயர் பந்து மாதிரித் துள்ளும், அளவுக்கு மிஞ்சித் தளர்ந்திருந்தால் மூக்கு பொத்தென்று விழுந்து அடி ரப்பரில் (ஷொக் முழுதாக அமுங்கும்போது முட்டும் ரப்பர்) முட்டித் திரும்பத் துள்ளும். இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும், இதில் நானும் பல தடவை ஏமாந்திருக்கிறேன். பிரித்தறிய ஷொக் தண்டில் ஒரு இறுக்கமான ரப்பர் வளையத்தையோ பிளாஸ்டிக் டையையோ குழாயோடு ஒட்டி விடுங்கள். ஓடி வந்த பிறகு அது தண்டில் எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடி ரப்பர் வரை போயிருந்தால் தளர்வு கூடிப்போனது, அவ்வளவு தூரம் போகவில்லை என்றால் இறுக்கம்தான் காரணம். முடிவில் பிரேக் பிடிக்கும்போதும் அது தள்ளப்படும் என்பதால், இந்தப் பரீட்சைக்கு மட்டும் இரண்டாம் கியரோடு நிறுத்தி, மெதுவாகப் பிரேக் பிடித்து வாருங்கள்.

ஒரு திருகு ஷொக்கில் உங்களுக்கு இங்கே ஒரு சமரசம் இருக்கிறது. எழும்புவதற்கு நல்ல கிளிக், இறங்குவதற்கு நல்ல கிளிக்காக இருக்காது. எழும்புவதற்காக வையுங்கள். அதனால் மூக்கு கொஞ்சம் கூடுதலாகக் குத்தினால், கியரை வேகமாக மாற்றுவதாலும், அடி ரப்பரை நல்லதாகப் போடுவதாலும் பாதியைச் சமாளிக்கலாம். மிச்சப் பாதிக்கு இரண்டு திருகு ஷொக்தான் வேண்டும், அந்தச் செலவை இப்போது செய்ய வேண்டாம்.

ஸ்டியரிங் இழுப்பதுதான் உங்கள் கேள்வியில் என்னைப் பயப்படுத்திய வரி. மூக்கு எழும்பி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்புகிறது என்பது அதன் பொருள், பம்ப் ஸ்டியர் என்பார்கள். காரைப் பதித்தவர்களுக்கு இது அதிகம், ஏனென்றால் ஸ்டியரிங் கம்பியும் கீழ்க் கையும் வேறு வேறு கோணத்துக்குப் போய்விடுகின்றன. அளப்பது கடினம் இல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டியரிங்கை நேராகக் கட்டி, ஹப்பில் ஒரு நேரான பலகையைப் பூட்டி, ஜக்கால் ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றி, பலகையின் முன் நுனியும் பின் நுனியும் ஒரு நேர்க்கோட்டுக் கம்பியிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இரண்டும் ஒன்றாக மாறினால் பிரச்சினை இல்லை. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சக்கரம் திரும்புகிறது. கம்பியின் வெளி நுனியை உயர்த்தியோ தாழ்த்தியோதான் அது சரியாகும், ஸ்ட்ரட்டுக்கும் ஸ்டியரிங் கைக்கும் இடையே தடிப்புத் துண்டு வைப்பது ஒரு வழி. அதை நம்பிக்கையான லேத்தில் செய்யுங்கள், வெல்டிங் அடித்து ஒப்பேற்றும் இடம் அது இல்லை.

டோ பற்றி, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கியா வெளிநோக்கியா நிற்கின்றன என்பது பற்றி, ஒரு வரி. பின் சக்கரக் காரில் ஓடும்போது முன் சக்கரங்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், அதனால் நிற்கும்போது இரண்டு சக்கரமும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் அளவில் உள்நோக்கி வைப்பது பொதுவாகச் சரி. சிவிக்குக்கு நேர்மாறு, இழுக்கும்போது உள்ளே வரும் என்பதால் பூச்சியமோ கொஞ்சம் வெளிநோக்கியோ வைப்பார்கள். இதையும் கூட்டாளியிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்ட்ரட் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டு பக்கமும் சமமா என்றும் பாருங்கள். பழைய மோதல் ஒன்றில் ஒரு பக்கம் பின்வாங்கியிருந்தால் எந்த அலைன்மென்ட்டும் அதை மறைக்காது.

எங்கே பரீட்சிப்பது என்று கேட்கிறவர்களுக்கு: கல்முனை மட்டக்களப்பு ரோட்டிலோ, சம்மாந்துறை வயல் ரோட்டிலோ இல்லை, இரவு இரண்டு மணிக்கும் இல்லை. மாடு படுத்திருக்கும், லைட் இல்லாத சைக்கிள் வரும், ஸ்டியரிங் இழுக்கும் காரோடு நீங்கள் அங்கே இருப்பீர்கள். மூக்கு எழும்புவதைப் பார்க்க 20 மீட்டர் புறப்பாடு போதும். நான் ஒரு கூட்டாளியின் அரிசி ஆலையில், நெல் காயப்போடாத நாளில், சீமெந்துத் தளத்தைக் கூட்டிப்பெருக்கி, ஆட்களை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பேன். சீமெந்தில் டயர் பிடி வேறு, அங்கே கிடைக்கும் 60 அடி நேரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் மூக்கு முட்டுகிறதா, இரண்டு பக்கமும் சமமாக எழும்புகிறதா என்று நன்றாகத் தெரியும். நேரம் பார்ப்பதெல்லாம் ஒழுங்கான போட்டியில், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில்தான். களுத்துறைப் பக்கத்துக் கட்டுகுருந்த மாதிரி ஓடுபாதை கூட பிரிட்டிஷ் கடற்படை விமானத்துக்காகப் பாவித்த இடம், டிராக்குக்கென்று பசை தெளித்துத் தயாரித்த தடத்தின் பிடியை அங்கே எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டு ஆட்கள் சொல்லும் எண்கள் இங்கே பொருந்தாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போட்டிக்குப் போகும் பயணமும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தளர்வான முன் ஷொக்கோடு அந்தத் தூரம் ஓட்டாதீர்கள். நீளுவது சுலபமாக இருக்கும் ஷொக் குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரத்தை அடக்காது, திடீர்ப் பிரேக்கில் நிற்கும் தூரம் கூடும். கொப்பியில் ரோட்டுக்கு ஒரு எண், ஓட்டத்துக்கு ஒரு எண் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், போய்ச் சேர்ந்து மாற்றுங்கள், திரும்பும் முன் களைப்பில் மறந்துவிடாமல் மாற்றுங்கள். உண்மையான 90/10 வாங்கிப் போட்டால் இந்த வசதியும் இருக்காது, அது ட்ரெய்லரில் ஏற்றிப் போகும் காருக்கு.

இப்போதைக்கு, பம்ப் ஸ்டியரை அளந்து திருத்தும் வரை இரண்டாம் கியருக்கு மேல் போக வேண்டாம். அது முடிந்ததும் 16ல் தொடங்கி இரண்டு ஓட்டம், பிறகு 20ல் இரண்டு ஓட்டம். வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து, முன் சக்கரமும் பின் டயரின் அடியும் ஒரே படத்தில் விழும்படி எடுத்துப் போடுங்கள். கூடவே ஸ்பிரிங் வெட்டியதா இல்லையா, பின் டயரில் காற்று எவ்வளவு, சக்கரம் தொங்கும்போது கிடைத்த சென்டிமீட்டர் எவ்வளவு, இந்த மூன்றையும் எழுதுங்கள். பார்த்துவிட்டு 22ஆ 18ஆ என்று சொல்கிறேன்.